தண்ணீர் நின்றாலும் மீட்டர் நிற்காது

பெப்ரவரியில் குளிர் சற்றுத் தணிந்து வெயில் எறிக்கிற நாள் வந்தால், ஸ்காபரோவின் கார் கழுவும் இடங்களில் வாகனங்கள் வீதிவரை வரிசைகட்டும். மாரி முழுக்க வீதியில் தூவிய உப்பு, கதவின் கீழ்விளிம்பிலும் சில்லுக்கு மேலுள்ள மடிப்புகளிலும் வெள்ளையாகப் படிந்து இரும்பை அரிக்கும். கழுவாமல் விட முடியாது. நாமே குழாயைப் பிடித்துக் கழுவும் இடங்கள் மலிவு. ஆனால் “நாலைஞ்சு டொலருக்குக் கழுவப் போனால் இருபது டொலரை வெட்டிப்போட்டாங்கள்” என்ற முறைப்பாட்டை எங்கள் ஆட்களிடம் இந்த மாரியிலும் கேட்டேன். இதற்கு யாரும் ஏமாற்றியிருக்கத் தேவையில்லை, ஒரு மோசமான அறிவிப்பே போதும் என்று எனக்குத் தோன்றியது. அப்படியான ஓர் இடத்துக்குச் சனிக்கிழமை காலை போய் நின்று பார்த்தேன்.

இரு பக்கமும் சுவர், முன்னும் பின்னும் திறப்பு, தரையில் அழுக்குத் தண்ணீர் இறங்க இரும்புக் கிராதி. தலைக்கு மேலே சுழலும் கம்பியிலிருந்து குழாய் தொங்குகிறது. அதன் நுனியில் தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கி. அதைச் செருகிவைக்கச் சுவரில் ஓர் உறை. உள்ளே தண்ணீர் உறைந்துவிடாமல் இருக்க, மாரிக்காலத்தில் துப்பாக்கி எந்நேரமும் கசிந்துகொண்டிருக்கும்படி விட்டிருக்கிறார்கள். புதிதாக வருபவரின் குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. காசு கட்டமுன்னரே தண்ணீர் சொட்டுகிறது. முடித்த பிறகும் சொட்டுகிறது. எது தொடக்கம், எது முடிவு என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சுவரில் ஓர் உருக்குப் பெட்டி. அதன் நடுவே பெரிய குமிழ். சவர்க்காரம், நுரைத் தூரிகை, அலசல், மெழுகு என்று ஒவ்வொன்றுக்கும் திருப்பலாம். ஒரு முனையில் ‘ஸ்டொப்’. கீழே லூனி, டூனி நாணயங்கள் போடும் துவாரம். இது நாணயத்தை நம்பி வைத்த பெட்டி. அட்டை வாசிக்கும் கறுப்புக் கருவியைப் பின்னாளில் வலப்பக்கத்தில் பொருத்தியிருக்கிறார்கள். அதற்கென்று தனியாக ஒரு சிவப்புப் பொத்தான். அதிலும் ‘ஸ்டொப்’ என்றே எழுதியிருக்கிறது.

பெரிய அறிவிப்புப் பலகை நாணயத்தைப் பற்றியே பேசுகிறது. ஒன்பது வரி, எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து. அட்டை பற்றிய சேதி பக்கத்தில் ஒட்டிய தாளில். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் புகுந்து மை பரவிவிட்டது. கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்த்தான் அதை வாசிக்க முடிந்தது.

காசு எங்கே போகிறது என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது. நாணயம் போட்டால் நேரம் இறங்குமுகமாக எண்ணப்படும். போட்ட காசு தீர்ந்ததும் எல்லாம் தானாக நின்றுவிடும். அட்டை வைத்தால் ஏறுமுகம். சிவப்புப் பொத்தானை அழுத்தும்வரை, அல்லது உச்சவரம்பான 20 டொலரைத் தொடும்வரை, நிமிடத்துக்கு 1 டொலர் 50 சதம் ஏறிக்கொண்டே இருக்கும். குமிழை ‘ஸ்டொப்’புக்குத் திருப்பினால் தண்ணீர் நிற்கும். கணக்கு நிற்காது.

அறுபது வயது மதிக்கத்தக்க அக்கா ஒருவர் வந்தார். கையுறையோடு அட்டையை எடுத்துக் கருவியின் திரையில் வைத்தார். அட்டை வைக்க வேண்டிய இடம் திரைக்குக் கீழே. அலைக்கோட்டு அடையாளம் விரல்நகம் அளவில் இருந்தது. சத்தம் வரவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு மெல்லக் கீழே இறக்கினார். நாலு சின்ன விளக்கும் எரிந்து ‘பீப்’ என்றது. கீழ்ப்பகுதி உப்பைத்தான் முதலில் அடித்தார், நன்றாகவே கழுவினார். குமிழைத் திருப்பித் தண்ணீரை நிறுத்தினார், துப்பாக்கியை உறையில் செருகினார், கார்க் கதவைத் திறந்தார்.

“அக்கா, மீட்டர் இன்னும் ஓடுது.”

“நான் நிப்பாட்டிப்போட்டன் தம்பி, தண்ணி நிண்டிட்டுதுதானே?”

அவர் நினைத்ததில் ஒரு பிழையும் இல்லை. வீட்டுக் குழாயைப் பூட்டினால் செலவும் அதோடு நிற்கிறது. இங்கேயும் அப்படித்தான் என்று யாரும் எண்ணுவார்கள். சிவப்புப் பொத்தானைக் காட்டினேன். அழுத்தினார். 7 டொலர் 50 சதம். “அப்ப போன கிழமையும் இப்பிடித்தான் போயிருக்கு” என்று கைபேசியில் வங்கிக் கணக்கைத் திறந்து காட்டினார். 20 டொலர், தீர்ந்த கணக்காக.

‘தீர்ந்த கணக்கு’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அட்டை வைத்தவுடன் கருவி உச்சவரம்பு முழுவதையும் முன்கூட்டியே பிடித்துவைக்கிறது. முடிவில் உண்மையான தொகையை எடுத்துக்கொண்டு மீதியை விடுவிக்கும். அதற்கு வங்கியைப் பொறுத்துச் சில நாள் ஆகலாம். இடையில் கணக்கைப் பார்ப்பவர் 20 டொலர் போய்விட்டது என்று பதறுவார். அக்காவுடையது அப்படிப் பிடித்துவைத்தது அல்ல, எடுத்தே முடிந்தது. ஆக, முறைப்பாடுகளில் ஒரு பகுதி உண்மையான இழப்பு, மற்றது விளக்கம் இல்லாத பயம். இரண்டையும் அந்த நனைந்த தாள் பிரித்துச் சொல்லவில்லை.

கிராதியில் சேறு அள்ள வந்த பராமரிப்பாளர் எங்களைப் பார்த்து நின்றார். தனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் அநேகமானவை இதைப் பற்றித்தான் என்றார். ஒரு காட்போட் பெட்டியைக் கிழித்து, தடித்த பேனையும் கொண்டுவந்தார். இரண்டு துண்டு எழுதினோம். கருவிக்குப் பக்கத்தில், அம்புக்குறியோடு: ‘அட்டையை இங்கே வையுங்கள். நிமிடத்துக்கு 1.50. சிவப்புப் பொத்தானை அழுத்தும்வரை மீட்டர் ஓடும்.’ துப்பாக்கி உறைக்கு மேலே: ‘போகமுன் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள்.’ ஆங்கிலம் வாசிக்காதவர்களுக்காக ஒரு சிவப்பு வட்டமும் விரலும் அவரே வரைந்தார். கடைசியாகக் கை போகிற இடம் உறைதான். முடிக்கும் விதம் அங்கே இருக்கவேண்டும், தொடங்குமிடத்தில் ஒட்டிய தாளில் அல்ல. எழுத்தையும் பெரிதாகவே எழுதினோம். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகை எழுதுவோரின் பொதுக்கணக்கு.

அடுத்து வந்த இளைஞன் துப்பாக்கியைச் செருகும்போது நிமிர்ந்து வாசித்தான், அழுத்தினான், போனான். அவனுக்குப் பின் பிக்அப் வாகனத்தில் வந்தவர் துப்பாக்கியைத் தரையிலேயே போட்டுவிட்டு ஏறிவிட்டார். உறைப்பக்கம் திரும்பவேயில்லை. பராமரிப்பாளர் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினார். எழுத்து மட்டும் காணாது. குமிழ் ‘ஸ்டொப்’பில் இரண்டு நிமிடம் நின்றால் கணக்கைத் தானாக மூடிவிடும்படி பெட்டியையே மாற்றவேண்டும், குறைந்தது ஒரு மணியாவது அடிக்கவேண்டும்.

ஒன்ராறியோவின் 2005ஆம் ஆண்டு அணுகல் சட்டத்தின் கீழ் வந்த 191/11 ஒழுங்குவிதி, சுயசேவைக் கருவிகளை வடிவமைப்பவரும் வாங்குபவரும் மாற்றுத்திறனாளிகள் அவற்றைப் பயன்படுத்த முடியுமா என்று கருத்தில் கொள்ளவேண்டும் என்கிறது. அட்டை வாங்கும் கருவியும் அதில் அடங்கும். கண் மங்கியவரும் விரல் நடுங்குபவரும் இங்கே கார் கழுவ வருகிறார்கள். விரல்நகம் அளவு அடையாளத்தையும் நனைந்த தாளையும் வைத்துக்கொண்டு அந்தக் கடமையைச் செய்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

அந்த ஒன்பது வரிப் பலகையைக் கழற்றிவிடலாமா என்று பராமரிப்பாளர் கேட்டார். கழற்றுங்கள், அடியில் உள்ள தொலைபேசி எண்ணை மட்டும் பெரிதாக எழுதி விட்டுவையுங்கள் என்றேன். பிடித்துவைத்த 20 டொலர் விடுபடாமல் போனால் அழைத்துக் கேட்க ஓர் இடம் வேண்டும்.