கல்லோடு சேர்த்து

விவிலியத்தில் இடம்பெயராத மனிதரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஆபிரகாம் தம் தந்தையின் வீட்டை விட்டுப் புறப்பட்டார். யாக்கோபு தள்ளாத வயதில் எகிப்துக்கு வண்டியேறினார். ரூத்து தம் மாமியாரோடு பெத்லகேமுக்கு நடந்தார். அவர்கள் எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்பதை மறையுரைகளில் நாம் பலமுறை விளக்கியிருக்கிறோம். எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது ஒரு மீன் தொட்டி என்றால் வாசகர்கள் புன்னகைக்கக்கூடும்.

பாலக்கரையில் எங்கள் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடக்க இயலாத அவருடைய அன்னையாருக்கு முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொண்டு செல்வது என் வழக்கம். எண்பது வயதைக் கடந்த அந்த அம்மையார் தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து, இளம் வயதிலேயே வாழ்க்கைப்பட்டுத் திருச்சிக்கு வந்தவர். அவர் சொல்லிச் சொல்லி வளர்த்த கடற்கதைகள்தாம் மகனுக்கு உப்புநீர் மீன் வளர்க்கும் ஆசையை ஊட்டின. கூடத்தின் மூலையில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் இரண்டு கோமாளி மீன்கள், நீல நிறச் சிறுமீன்கள் மூன்று, பூப்போல் விரிந்து மூடும் கடற்சாமந்தி ஒன்று. பவளம் எதுவும் இல்லை. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 இல் பவளங்கள் சேர்க்கப்பட்டுவிட்டன என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே சுட்ட களிமண்ணால் பாறைபோல் செய்த துண்டுகளையே அடுக்கி வைத்திருந்தார். பல ஆண்டுகள் நீரில் கிடந்த அவற்றின்மீது ஊதா நிறப் படலம் படர்ந்து, உண்மைப் பாறை எதுவென்று பிரித்தறிய முடியாதபடி இருந்தது.

சென்ற ஆண்டு அவர் திருவெறும்பூருக்கு அப்பால் புதிதாக ஒரு வீடு கட்டினார். சந்துக்குள் இருக்கும் பழைய வீட்டில் வெளிச்சம் குறைவு. வாசலில் செங்குத்தான மூன்று படிகள். புதிய வீட்டில் படிகளே இல்லை. குளியலறைச் சுவரில் அம்மா பிடித்துக்கொள்ளக் கம்பி பதித்திருந்தார். கூடத்தில் நான்கடி நீளத் தொட்டி ஒன்றையும் அமைத்தார். மீன்களும் அன்னையும் அங்கே செல்ல வேண்டும் என்பது அவர் திட்டம். மீன்கள் மறுப்புச் சொல்லவில்லை. அன்னை சொன்னார்.

“சாமி, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க” என்று என்னிடம் வந்தார். அம்மையாரிடம் பேச்செடுத்தேன்.

“வீடு நல்லாத்தான் இருக்கு சாமி. காலையில கதவைத் திறந்தா யார் முகத்துல முழிக்கிறது?” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. மகனுடைய அன்பில் குறை இல்லை. தாயின் அச்சத்திலும் பொய் இல்லை. இருவர் பக்கமும் நியாயம் நிற்கும் இடத்தில் ஒரு குரு வாயை மூடிக்கொண்டு செபிப்பதே நலம் என்று அன்று திரும்பிவிட்டேன்.

அடுத்தடுத்த வருகைகளில் அன்பர் தொட்டியைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தினார். புதிய தொட்டியில் ஏறக்குறைய 250 லிட்டர் நீர் பிடிக்கும். சுத்திகரித்த நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கடல் உப்புக் கலவையைக் கரைத்தால் ஒன்பது கிலோ உப்பு ஆயிற்று. குழாய் நீரை அப்படியே ஊற்றலாகாது. நமக்காக நகராட்சியினர் கலக்கும் குளோரின் மீனுக்கும் ஆகாது, நுண்ணுயிர்களுக்கும் ஆகாது. கரைத்து ஓடவிட்ட நீர் பளிங்குபோல் இருந்தது. அளவுகள் எல்லாம் சரி. “அப்படியானால் மீன்களை விட்டுவிடலாமே” என்றேன். “விட்டா செத்துப் போயிரும் சாமி. தண்ணி இன்னும் பழகல” என்றார்.

தண்ணீர் எப்படிப் பழகும்? அவர் விளக்கினார். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. கற்களின்மீதும் மணலின்மீதும் ஒட்டி வாழும் ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சே. மற்றொரு வகை நுண்ணுயிர் அதை அத்துணைத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றுகிறது. மண்ணிலும் நீரிலும் இவ்வேலையைச் செய்யும் உயிர்களை 1890 ஆம் ஆண்டையொட்டி ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார். புதிய தொட்டியில் இவ்வுயிர்கள் பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை கண்ணாடிக்குள் இருப்பது வெறும் உப்புநீர்தான், கடல் அன்று. ஆகவே அவர் பழைய தொட்டியிலிருந்து இரண்டு கற்களையும், வடிகட்டியில் இருந்த அழுக்கேறிய பஞ்சையும் ஐந்து வாரம் முன்னதாகவே புதிய தொட்டியில் இட்டுவைத்தார். அழுக்கு என்று நாம் கழுவித் தள்ளக்கூடியதில்தான் அந்தத் தொட்டியின் உயிர் இருந்தது.

இடமாற்றம் ஒரு சனிக்கிழமை நடந்தது. மறுநாள் வீடு மந்திரிப்பு. வழியில் எட்டிப் பார்த்தபோது, மூடியுள்ள வாளிகளில் பழைய நீரை நிரப்பி, மின்கலத்தில் இயங்கும் காற்றுக் குழாய்களை விட்டிருந்தார். மீன்களை வலையால் துரத்தாமல், நீரைப் பாதியாகக் குறைத்துவிட்டு மெல்ல ஒதுக்கி எடுத்தார். மணலின் அடிப்பகுதியைக் கிளறவில்லை. பல ஆண்டுக் கசடு அங்கே தேங்கியிருக்கும், கலக்கினால் நீர் நஞ்சாகிவிடும். மேல்மணலில் மட்டும் இரண்டு கை அள்ளிக்கொண்டார். எஞ்சியது கடற்சாமந்தி. அது ஒரு கல்லின் பிளவில் தன் அடிப்பாதத்தை ஒட்டவைத்து உடலைச் சுருக்கிக்கொண்டிருந்தது. உடன் வந்த இளைஞர் விரலால் நெம்பப் போனார். அன்பர் பதறித் தடுத்தார்.

“பிடுங்காதப்பா, அடி கிழிஞ்சுரும். அப்புறம் பிழைக்காது. கல்லோட சேர்த்துத் தூக்கு.”

கட்டிலில் அமர்ந்து இவை அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மையார் அப்போது வாய் திறந்தார். “பாத்தீங்களா சாமி, மீனுக்குப் பழைய தண்ணி, பழைய கல்லு, அழுக்குப் பஞ்சு எல்லாம் கொண்டு போறான். எனக்கு மட்டும் கட்டில், பீரோ, மாதா படம் எல்லாம் புதுசா வாங்கி வச்சிருக்கானாம்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மகன் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

அந்த அம்மையார் பிறந்த கடலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் தீவுகள் வரிசையாக இருக்கின்றன. கணக்கில் அவை 21. அவற்றைச் சூழ்ந்தவை பவளப்பார்கள். 1986 இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. பவளம் பாறைபோல் தோன்றினாலும் உயிருள்ளது. அதன் மெல்லிய சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெயிலை உணவாக்கித் தன்னைத் தாங்கும் பவளத்துக்கும் ஊட்டுகிறது. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப்போகும். 2010 இலும் 2016 இலும் அங்கே அவ்வாறு நேர்ந்தது. அதற்கு முன்பே, சுண்ணாம்புக் காளவாசல்களுக்கும் கட்டடங்களுக்குமாகப் பல பத்தாண்டுகள் பார்கள் வெட்டியெடுக்கப்பட்டிருந்தன. அரண் போனபின் அலை கரையைத் தின்றது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்தன.

அழிந்த இடத்தில் பவளத்தை மீண்டும் நட முடியுமா? தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் அதைச் செய்து வருகின்றனர். நலமான பாரிலிருந்து கிளைப்பவளத்தின் சிறு துண்டுகளை எடுத்து, சிறு பலகைக் கற்களில் கட்டி, கடலடியில் சிமெண்டுச் சட்டங்களின்மீது வைக்கிறார்கள். துண்டு அசையக்கூடாது. அசைந்தால் பிடிக்காது. பிடித்துவிட்டால், பவளம் தானே சுண்ணாம்பைச் சுரந்து அடிக்கல்லின்மீது படர்ந்து, நாளடைவில் கட்டிய கட்டையும் மூடிவிடுகிறது. அதன்பின் அது வந்த பவளம் அன்று, அந்த இடத்துப் பவளம்.

இவற்றையெல்லாம் எண்ணும்போது, அரசர்கள் இரண்டாம் நூலில் வரும் நாமான் என் நினைவுக்கு வந்தார். சிரியா நாட்டுப் படைத்தலைவர் அவர். யோர்தானில் மூழ்கித் தொழுநோய் நீங்கியபின், ஆண்டவரையே இனி வழிபடுவதாக எலிசாவிடம் உறுதி கூறுகிறார். பிறகு ஒரு விந்தையான வேண்டுகோள் விடுக்கிறார். இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவு இஸ்ரயேல் மண்ணைத் தம் நாட்டுக்கு எடுத்துச் செல்ல இசைவு கேட்கிறார். குருமடத்தில் இப்பகுதியைப் படித்த நாளில், கடவுளை ஒரு நிலத்தோடு கட்டிப்போடும் பழைய எண்ணத்தின் எச்சம் இது என்று விளக்கக் கேட்டோம். இறையியல் நோக்கில் அது சரியே. விண்ணும் மண்ணும் ஆளும் இறைவனுக்குக் கழுதைச் சுமை மண் தேவையில்லை. ஆனால் எலிசா அவரைத் திருத்தவில்லை, ஏளனம் செய்யவும் இல்லை. அமைதியோடு போகும்படி வாழ்த்தி அனுப்புகிறார். மண் கடவுளுக்காக அன்று, நாமானுக்காக என்பதை அந்த இறைவாக்கினர் அறிந்திருக்க வேண்டும். புதிய நம்பிக்கை அந்நிய மண்ணில் வேர்பிடிக்கும்வரை அதற்கு நிற்க ஓரடி பழைய மண் வேண்டியிருந்தது. மோசே செங்கடலை நோக்கிப் புறப்பட்ட அந்த அவசரத்திலும் யோசேப்பின் எலும்புகளை மறவாமல் சுமந்துகொண்டார் என்பதையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம்.

நாம் நம் முதியோரை எப்படி இடம் மாற்றுகிறோம்? பாலக்கரைச் சந்துகளிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும், மாடி வீடுகளுக்கும் அடுக்ககங்களுக்கும் எத்தனையோ தாய் தந்தையர் பெயர்ந்து செல்வதை ஆண்டுதோறும் காண்கிறேன். பெரும்பாலும் அன்பினால்தான் அழைத்துச் செல்கிறார்கள். அறை பெரிது, வெளிச்சம் நிறைய, மருத்துவமனை அருகில். அளவுகள் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆயினும் சில மாதங்களில் அவர்கள் வாடிப்போகிறார்கள். ஏன் என்று பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. காலையில் கோலம் போட்டுக்கொண்டே நலம் விசாரிக்கும் எதிர்வீட்டுப் பெண், கடனுக்குக் கீரை தரும் கூடைக்காரி, மாலையில் மருந்து போட்டாயிற்றா என்று கேட்டுச் செல்லும் அன்பியத்துத் தோழியர், புகையேறிய பழைய மாதா படம் ஆகிய இவற்றை நாம் வாழ்க்கை என்று கணக்கிடுவதில்லை. கல்லின்மீது படிந்த அழுக்கு என்றே எண்ணிக் கழுவிவிடுகிறோம். தனிமை என்னும் நஞ்சை ஒவ்வொரு நாளும் ஓசையின்றி முறித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தாம் என்பது, அவர்கள் இல்லாத வீட்டில்தான் தெரிகிறது.

அந்த அம்மையார் போகவே கூடாது என்பது இதன் பொருளன்று. படிகள் உண்மையிலேயே ஆபத்தானவை. மகன் சொன்னது சரி. எப்படிப் போவது என்பதே கேள்வி. அன்று மாலையே புதிய கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அன்பர் பின்னர் சொன்னார். தாய்க்கு மணமானபோது பிறந்தகத்திலிருந்து வந்த மரப்பெட்டியும், அதனுள் இருந்த பனிமய மாதா படமும் முதலில் போயின. பிறகு அம்மையார் இரண்டு நாள் தங்கித் திரும்பினார். அடுத்த முறை ஒரு வாரம். மீன்களை உடனே கொட்டாமல், புதிய நீரை ஒரு மணி நேரம் வாளியில் சொட்டுச் சொட்டாக இறக்கிப் பழக்கியதைப் போலவே இதுவும் நடந்தது. அன்பியத்துப் பெண்கள் இருவர் வியாழன்தோறும் பேருந்தேறிச் சென்று அவரோடு செபமாலை சொல்லத் தொடங்கினர். முதலில் மூவர் மட்டுமே. இப்போது அந்தத் தெருவிலிருந்து இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் நம் மதத்தவர் அல்லர். அம்மையாரின் பேச்சுத் துணைக்காக வருகிறார்.

எல்லாம் நன்மையில் முடிந்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. எவ்வளவு கவனமாக மாற்றியும் நீலமீன்களுள் ஒன்று மூன்றாம் வாரத்தில் இறந்துபோயிற்று. கடற்சாமந்தி பல நாள் சுருங்கியே கிடந்து பின்னரே விரிந்தது. அம்மையாரும் இன்றுவரை பாலக்கரையைத்தான் “நம்ம வீடு” என்கிறார். திருவெறும்பூர் அவருக்கு “தம்பி வீடு”. முழுதாக அவர் ஒட்டவில்லை. ஆனால் கிழியவும் இல்லை. இப்போது அங்குள்ள பங்குத்தந்தை அவருக்கு நற்கருணை கொண்டு செல்கிறார்.

அன்பர்களே, இவ்வாண்டு உங்களுள் எவரேனும் பெற்றோரைப் புதிய வீட்டுக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருந்தால், அறையின் நீள அகலத்தை அளப்பதற்குமுன் அவர்கள் அருகில் அமர்ந்து, எதை உடன் கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் காட்டுவது ஓர் உடைந்த நாற்காலியாக இருக்கலாம், ஒரு பக்கத்து வீட்டுக்காரியின் பெயராகவும் இருக்கலாம். நாமானின் மண்ணைக் குறித்து எலிசா விவாதம் செய்யவில்லை. நாமும் செய்ய வேண்டாம்.