புழுக்கைக் கணக்கு

பிள்ளைக்காக வாங்கும் பிராணி கடைசியில் பெற்றவர்கள் தலையில்தான் விடியும். எங்கள் வீட்டில் அது மிளகு, சீரகம் என்று இரண்டு கினி பிக்குகளாக விடிந்தது. ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு, இரண்டும் பெண். ஒன்று போதாதா என்று கேட்டேன். கூட்டமாக வாழும் பிராணி, தனியாக விட்டால் சோர்ந்துபோகும், சுவிட்சர்லாந்தில் 2008-லிருந்து ஒற்றையாக வளர்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது என்று மகள் எங்கேயோ படித்துவிட்டு வந்து வாதாடினாள். வளசரவாக்கத்தில் சுவிஸ் சட்டம் செல்லாது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

மூன்று வயதில் மிளகுக்கு இரண்டு விலாப் பக்கமும் முடி கொட்ட ஆரம்பித்தது. சொறி இல்லை, அரிப்பு இல்லை. இரு பக்கமும் ஒரே அளவில் வழுக்கை. வயிறு கொஞ்சம் பெருத்திருந்தது. ஸ்கேன் எடுத்தால் சினைப்பை இரண்டிலும் நீர்க்கட்டி. வயதாகும் பெண் கினி பிக்குகளுக்கு இது சாதாரணமாக வருவதாம். கருப்பையோடு சேர்த்து எடுத்துவிடுவது நல்லது என்றார் மருத்துவர்.

அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் என் மனம் போட்ட கணக்கை மறைக்க விரும்பவில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு கூடை நிறைய கினி பிக் வாங்கலாம். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய மகள் கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா சொல்லிவிட்டாள்: "எலிக்கெல்லாமா ஆபரேஷன்? கலி முத்திப்போச்சுடா."

ஆனாலும் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டோம். நாய், பூனை என்றால் முந்தின இரவே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்துவிடும் என்ற பயம். கினி பிக்குக்கு வாந்தி எடுக்கவே முடியாது. அதனால் பட்டினி போடாதீர்கள், புல்லோடு கொண்டுவாருங்கள், சீரகத்தையும் கூடவே கூட்டி வாருங்கள் என்றார் மருத்துவர். கண் விழிக்கும்போது தெரிந்த வாசனை பக்கத்தில் இருந்தால் மிரட்சி குறையுமாம். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "ஆபரேஷன் என்னோட வேலை சார். குடல் நிக்காமப் பார்த்துக்கறது உங்க வேலை. ரெண்டாவதுதான் கஷ்டம்."

ஏதோ உபசாரத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. இந்தப் பிராணிக்குச் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. தின்றதில் பெரும்பங்கு அதற்குள்தான் கிடக்கும். அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் புல்லின் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. மேலிருந்து நார் வந்துகொண்டே இருந்தால்தான் குடல் தள்ளிக்கொண்டே இருக்கும். அரை நாள் வாய் நின்றுவிட்டால் குடல் மந்தமாகும், வாயு சேரும், வாயு வலிக்கும், வலியால் இன்னும் சாப்பிடாது. ஆபரேஷன் அழகாக முடிந்தும் இந்தச் சுழலில் சிக்கிப் போய்ச் சேர்கிற கினி பிக்குகள் உண்டு.

ஆபரேஷன் முடிந்து மிளகு வீட்டுக்கு வந்தது. பங்குனி வெயில் வேறு. மயக்கம் முழுதாகத் தெளியும்வரை உடம்புச் சூடு இறங்கக் கூடாது. அதே சமயம் அறை 30 டிகிரியைத் தாண்டினால் வெப்பத் தாக்கு வந்துவிடும். ஆண்டிஸ் மலைக்காரப் பிராணிக்கு நம் ஊர் வெயில் எப்படி ஒத்துக்கொள்ளும்? ஏசி ஓடும் அறையில், துணி சுற்றிய வெந்நீர்ப் பைக்குப் பக்கத்தில் மிளகைக் கிடத்தினோம். "ஒரு பக்கம் குளிரு, ஒரு பக்கம் சூடு, கரண்ட் பில்லு யாரு தலையில?" என்று அம்மா கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மகள் புத்தகத்துக்குப் போய்விட, சிரிஞ்சு என் கைக்கு வந்தது. மருத்துவர் கொடுத்தது கிரிட்டிகல் கேர் என்கிற பொடி. திமோத்திப் புல்லை அரைத்துச் சத்துகள் சேர்த்தது. பாக்கெட்டைப் பிரித்தால் சோம்பு வாசனை வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊட்ட வேண்டும். பொடி கிடைக்காவிட்டால் கினி பிக் தீனி உருண்டைகளை ஊறவைத்து மிக்சியில் அரைத்துக் கொடுக்கலாமாம். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 80 மில்லி. மிளகு 850 கிராம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து. ஒரு தள்ளலுக்கு அரை மில்லிக்கு மேல் கூடாது என்பதால் ஒரு வேளைச் சாப்பாடு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தொல்லை சிரிஞ்சிலேயே ஆரம்பித்தது. 1 மில்லி சிரிஞ்சின் முனை மெல்லியது. நார் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்ததைப் பலமாக அழுத்தினால் அடைப்பு விட்டு மொத்தமும் தொண்டைக்குள் பாயும். மூச்சுக்குழலில் போனால் நிமோனியா. அதனால் முனையைக் கத்தரித்து, வெட்டிய விளிம்பு உதட்டைக் கீறாமல் இருக்க நகம் தேய்க்கும் அரத்தால் வழவழவென்று தேய்த்துக்கொண்டேன். பிடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. பழைய துண்டில் கழுத்துவரை சுற்றி, நாலு காலும் மடியில் ஊன்ற, பின்பக்கம் என் வயிற்றில் முட்டும்படி உட்காரவைக்க வேண்டும். குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுகிற மாதிரி மல்லாத்தவே கூடாது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து அந்த இடைவெளிக்குள் சிரிஞ்சை நுழைத்து, எதிர்க் கன்னத்தைப் பார்த்துத் தள்ளினால் தாடை தானாக அசையும். அசைந்து, விழுங்கி, நின்ற பிறகுதான் அடுத்தது.

எங்கள் வீட்டில் பாசத்துக்கு அளவு, உள்ளே போன சோறு. "நாலு வாய் சாப்பிட்டானா?" என்பதுதான் அம்மாவின் நலம் விசாரிப்பு, ஜுரம் எத்தனை டிகிரி என்பதெல்லாம் அதற்கப்புறம். நானும் அந்த வளர்ப்புதான். எத்தனை மணிக்கு எத்தனை மில்லி என்று நோட்டில் கோடு போட்டு எழுதிவைத்திருந்தேன். மாலையில் மருத்துவர் போன் செய்தபோது பெருமையாக வாசிக்க ஆரம்பித்தேன். "அது இருக்கட்டும் சார், புழுக்கை எப்படி?" என்றார்.

எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே தள்ளிவிடலாம். குடல் வேலை செய்கிறதா என்பதற்குச் சாட்சி மறுபக்கத்தில்தான் இருக்கிறது. கூண்டில் மரத்தூளை அள்ளிவிட்டு வெள்ளைத் துணி விரித்தேன். தூள் தையலில் ஒட்டாது, புழுக்கையும் பளிச்சென்று தெரியும். சீரகத்தின் புழுக்கை கலந்துவிடாமல் நடுவே ஒரு கம்பி வலை. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கலாம், முகர்ந்துகொள்ளலாம், கணக்கு மட்டும் தனித்தனி. நல்ல புழுக்கை நீள்வட்டமாக, ஒரே அளவில், கரும்பழுப்பாக இருக்கும். நசுக்கினால் உள்ளே சற்று ஈரமும் நாரும் தெரியும். மிளகு போட்டவை சிறுத்து, இறுகி, ஒரு முனை கூராகி இருந்தன. அதுவும் அங்கொன்று இங்கொன்று. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அதை நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் மனைவி, "ஏங்க, முதல்ல காபியக் குடிச்சிட்டு அப்புறம் நசுக்கக் கூடாதா?" என்றாள்.

அடுத்த இரவு மிளகு மக்கர் செய்தது. சிரிஞ்சை நீட்டினால் தலையைத் திருப்பியது. உள்ளே போனதெல்லாம் கடைவாயில் வழிந்து துண்டை நனைத்தது. முதுகைக் கூனி, முடியைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. நள்ளிரவு தாண்டிவிட்டது, மறுநாள் அலுவலகத்தில் தணிக்கை. கொஞ்சினேன், கெஞ்சினேன், அம்மா பாணியில் "ஒரே ஒரு வாய்" என்றுகூடச் சொன்னேன். பிறகு கோபம் வந்தது. இவ்வளவு பணம், இவ்வளவு தூக்கம், ஒரு சொட்டு விழுங்க மாட்டேன் என்கிறாயே! அந்தக் கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது: இது போய்விட்டால் நான் தூங்கலாம். ஒரு நொடி வந்துபோன எண்ணம்தான், ஆனால் வந்தது. நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட நிறையப் பேருக்கு வந்திருக்கும், யாரும் வெளியே சொல்வதில்லை. என் அப்பா படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் அம்மாவுக்கும் வந்திருக்குமோ என்று யோசித்தேன். கேட்கவில்லை. கேட்கக்கூடிய கேள்வியா அது?

காலையில் தூக்கிக்கொண்டு ஓடினோம். வயிறு விம்மி இறுகி, தட்டினால் டொப்பென்று கேட்டால் ஊட்டவே கூடாது, அது அவசர நிலை. நல்ல வேளை அந்த அளவுக்குப் போகவில்லை. மெலாக்சிகாம் சொட்டு மருந்தை வேளை தவறாமல் கொடுத்துத்தான் வந்தேன். வலிக்கு அது மட்டும் போதவில்லை. மருத்துவர் கூடவே புப்ரினார்ஃபின் ஊசி போட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்து அங்கேயே சிரிஞ்சை நீட்டினேன். மிளகு மென்றது. அதே பொடி, அதே சிரிஞ்சு, அதே கை. என் கெஞ்சலுக்கும் அதன் வாய்க்கும் சம்பந்தமே இருக்கவில்லை. அன்றிலிருந்து வரிசை மாறியது: முதலில் வலி மருந்து, அது வேலை செய்ய நேரம், அப்புறம்தான் துண்டும் சிரிஞ்சும்.

முகத்தைப் பார்த்து இந்தப் பிராணியின் வலியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பருந்துக்கும் நரிக்கும் இரையாகிற ஜாதி. நோஞ்சான் என்று தெரிந்தால் முதல் அடி அதற்குத்தான் விழும். அதனால் மறைக்கும். நான் எட்டிப் பார்த்தால் மிளகு ஒரு புல்லைக் கவ்வி வாயை அசைக்கும். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தால் அந்தப் புல் நீளம் குறையாமல் கீழே கிடக்கும். இந்த நாடகத்துக்கு மருந்து தராசு. சமையலறைத் தராசின் மேல் எவர்சில்வர் டப்பாவை வைத்து, அதற்குள் மிளகை விட்டு, தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை. 50 கிராம் இறங்கினால் போன் பண்ணுங்கள், 100 இறங்கினால் நேரில் வாருங்கள் என்பது மருத்துவரின் உத்தரவு.

உதவி செய்கிறேன் என்று வருகிறவர்களிடமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருந்தது. எதிர் வீட்டுக்காரர் தன் மருந்துப் பெட்டியோடு வந்து, தையல் பழுக்காமல் இருக்க அமாக்சிசிலின் கால் மாத்திரை பொடி பண்ணிக் கொடுங்கள் என்றார். நல்ல மனிதர். ஆனால் பென்சிலின் வகை மருந்து வாய்வழியே போனால் கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து கெட்டவை பெருகும், உயிரே போகலாம். நன்றி சொல்லி அனுப்பிவைத்தேன்.

புண் ஆற வைட்டமின் சி வேண்டும். பெரும்பாலான பிராணிகள் அதைத் தம் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். கினி பிக்கால் முடியாது, நம்மாலும் முடியாது. நார்வேயில் ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர் மாலுமிகளைத் தாக்கிய பெரிபெரியை ஆராய்வதற்காக கினி பிக்குகளுக்குத் தானியத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிபெரி வரவில்லை, வைட்டமின் சி குறைவால் ஈறு கெடும் ஸ்கர்வி வந்தது. 1907-இல் அவர்கள் அதை வெளியிட்ட பிறகுதான் ஸ்கர்வியைச் சோதனைச்சாலையில் உண்டாக்கி ஆராய வழி பிறந்தது. நம் ஈறுகள் இந்த ஜீவனுக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கின்றன. நெல்லிக்காய் கொடு என்றாள் அம்மா. மிளகு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மருத்துவர் சொன்ன அளவுக்கு மாத்திரையைப் பொடித்துக் கூழில் கலந்தேன். தண்ணீர்ப் புட்டியில் போட்டால் வீரியம் போய்விடுமாம்.

இனி வருவதைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம். கினி பிக்குகள் தம் மென்மையான புழுக்கையைத் தாமே தின்னும். அதில் குடல் நுண்ணுயிர்களும் பி வைட்டமின்களும் இருக்கின்றன. வயிற்றில் தையலோடு குனிந்து எடுக்க மிளகுக்கு முடியவில்லை. சீரகத்தின் புதுப் புழுக்கையைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் கொடுங்கள் என்றார் மருத்துவர். தீனி எடுக்காத மாட்டுக்கு ஆரோக்கியமான மாட்டின் இரைப்பைத் திரவத்தைப் புகட்டுவது கால்நடை மருத்துவத்தில் பழைய வழக்கம். அதன் சிறிய பதிப்பு இது. சீரகம் எப்போது போடும் என்று தவம் கிடந்து, சுடச்சுட எடுத்துக் கரைத்தேன். மனைவி ஒரு டம்ளரையும் ஒரு டீ வடிகட்டியையும் எனக்கென்றே ஒதுக்கிவிட்டு, அவற்றை இனி சமையலறையில் பார்த்தால் நான் வெளியே படுக்க வேண்டியிருக்கும் என்றாள். மிளகு எந்த முகச்சுளிப்பும் இல்லாமல் குடித்தது.

தானாகச் சாப்பிட வைத்தது இவை எதுவுமல்ல, அருகம்புல். கூழிலேயே காலம் தள்ள முடியாது. இருபது பல்லும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்தால்தான் தேயும். பிள்ளையார் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவிடம் தினமும் இரண்டு கட்டு வாங்கினேன். "என்ன சார், சங்கடஹர சதுர்த்திகூட இல்லையே?" என்று கேட்டாள். எலிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. பிள்ளையாரின் வாகனத்துக்குத்தானே என்று மனசுக்குள் சமாதானம் செய்துகொண்டேன். கழுவி, ஈரத்தோடு வலையோரம் வைத்தேன். அந்தப் பக்கம் சீரகம் கறக்கறக்கென்று தின்ன ஆரம்பித்ததும் இந்தப் பக்கம் மிளகு ஒரு தாளை நுனியில் பிடித்தது. நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். புல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, நின்றது, மறுபடி போனது.

அப்புறமும் சிரிஞ்சை உடனே நிறுத்தவில்லை. எடை இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து ஒரு வேளையைக் குறைப்பது, மறுபடி பார்ப்பது. ராத்திரி வேளை முதலில் போனது. அன்று நான் தூங்கிய தூக்கத்தைப் பற்றி மனைவிக்கு இன்னும் புகார் உண்டு. தையல் ஆறியதும் வலையை எடுத்தோம். விலாவில் முடி குறுகுறுவென்று முளைத்துவிட்டது.

சீரகத்துக்கும் அதே வயதுதான். அதையும் ஒரு தடவை ஸ்கேன் பண்ணிவிடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் போகிறோம். பொடிப் பாக்கெட்டில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது; இறுகக் கட்டி ஃப்ரீசரில் போட்டு வைத்திருக்கிறேன்.