பாத்ரூமில் ஒரு மோட்டார்

போன ஞாயிற்றுக்கிழமை குளிக்கும்போது அடித்தொண்டையில் 'டூ... வாப்... டூ... வாப்...' என்று இழுத்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து மனைவியின் குரல்: ''என்னங்க, மோட்டார் ஒரு மாதிரி சத்தம் போடுது. ஆளைக் கூப்பிடவா?''

எல்லாம் முந்தின ராத்திரி பார்த்த டாக்குமெண்டரியின் விளைவு. 'ஸ்ட்ரீட்லைட் ஹார்மனீஸ்' என்று பெயர். டூ-வாப் பாட்டின் கதை. வயசான பாடகர்கள் உட்கார்ந்து பழங்கதை பேசுகிறார்கள். 1950களில் நியூயார்க் போன்ற நகரங்களின் ஏழைப் பேட்டைகளில், பெரும்பாலும் கறுப்பினப் பையன்கள். வாத்தியம் வாங்கக் காசு ஏது? நாலைந்து பேர் தெருவிளக்கடியில் கூடி, வாத்தியத்தையும் வாயாலேயே வாசித்துவிட்டார்கள். ஒருத்தன் பாட, ஒருத்தன் கீழ் ஸ்தாயியில் உறும, மற்றவர்கள் நடுவே 'ஊ', 'ஆ'. அர்த்தமில்லாத உளறல் என்று நாம் சிரிக்கிறோமே, அதுதான் டிரம்ஸ், அதுதான் பேஸ் கிடார். எதிரொலி கிடைக்க மாடிப்படி, சுரங்க ரயில் நிலையம் என்று இடம் தேடிப் போனார்கள். (பாத்ரூமும் சிலாக்கியம். என் வீட்டில்தான் மதிப்பில்லை.)

படம் முடிந்தும் தூக்கம் வராமல் 'டீனேஜர்ஸ்' குழுவைப் பற்றித் தேடிப் படித்தேன். 1956-ல் அவர்கள் பாடிய 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' இங்கிலாந்தில் முதலிடம். முன்னால் நின்று பாடிய ஃபிராங்கி லைமனுக்கு வயசு 13. 1968-ல், 25 வயசில், பாட்டி வீட்டு பாத்ரூமில் ஹெராயினால் செத்துக் கிடந்தான்.

என்னை உறுத்தியது கூடப் பாடிய இருவர், ஹெர்மன் சாண்டியாகோ, ஜிம்மி மெர்ச்சன்ட். பாட்டை எழுதியவர்கள் என்று பதிவானது லைமன் பெயரும் கம்பெனி முதலாளி பெயரும். பிற்பாடு முதலாளி இடத்தில் மாரிஸ் லெவி என்ற இன்னொரு முதலாளி வந்தார். ராத்திரி கண்விழித்து நாம் தயாரித்த ரிப்போர்ட்டில் மேலதிகாரி கையெழுத்துப் போட்டுக்கொள்வாரே, அதே கதை.

1987-ல் இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். 1992-ல் ஜூரி, 'ஆமாம், இவர்களும் சேர்ந்து எழுதியதுதான்' என்றது. 1996-ல் அப்பீல் கோர்ட் அதைத் தள்ளிவிட்டது. எழுதவில்லை என்றா? அதெல்லாம் இல்லை. மூணு வருஷத்துக்குள் கேஸ் போட்டிருக்க வேண்டுமாம், காலாவதி. பாட்டு வந்தபோது ரெண்டு பேரும் பள்ளிக்கூடப் பையன்கள், ஸ்வாமி!

மறுநாள் காலை சத்தமில்லாமல் குளித்துவிட்டு வந்தேன்.

''மோட்டார் தானா சரியாயிடுச்சுங்க'' என்றாள் மனைவி.