கிளாசுக்கு முன்பணம்

யார் வீட்டிலாவது ஒரு கிளாஸ் தண்ணியோ டீயோ கொடுத்தால், குடித்து முடித்ததும் அதைக் கழுவி வைக்க எழுந்துவிடுவேன். இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. 2023 அக்டோபரில் ஒரு நாள், லண்டன் விக்டோரியா ஸ்டேஷனிலிருந்து கிளம்பிய ஒரு சொகுசு ரயிலில், வெள்ளைத் துணி விரித்த மேசையிலிருந்தும் அப்படித்தான் கிளாஸைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். சீருடை போட்ட பணியாளர் ஓடி வந்து, "வேண்டாம், நீங்க உட்காருங்க" என்று வாங்கிக்கொண்டார். கூட வந்த சிஸ்டர் சிரித்தார். "இன்னைக்கு ஒரு நாளாவது நர்ஸா இருக்காதேம்மா" என்றார்.

அது நர்ஸ் பழக்கம் இல்லை. எங்கிருந்து வந்த பழக்கம் என்று அவரிடம் அப்போது நான் சொல்லவில்லை.

சொந்தக் காசில் நான் ஏறக்கூடிய ரயில் இல்லை அது. ஒரு ஆளுக்கே பல நூறு பவுண்டு. என் வார்டில் முப்பது வருஷம் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மகன் ரெண்டு டிக்கெட் வாங்கிக் கொடுத்திருந்தான். கணவர் இறந்துவிட்டார். "நீ வா" என்று என்னைக் கூப்பிட்டார். ரயிலில் ஏறினால் காலைச் சாப்பாடு, கெண்ட் மாவட்டத்தில் ஒரு திராட்சைத் தோட்டம், ஒயின் சுவைத்துப் பார்ப்பது, திரும்பும்போது ராச்சாப்பாடு. காலையில் போய் இரவு வந்துவிடலாம்.

ரயிலின் பெயர் பிரிட்டிஷ் புல்மேன். பெரும்பாலும் 1920, 30களில் செய்த பெட்டிகளைத் தேடிப் பிடித்துச் செப்பனிட்டு, 1982-லிருந்து இப்படிச் சுற்றுலாவுக்கு ஓட்டுகிறார்கள். பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. வேரா, க்வென், ஐபிஸ், சிக்னஸ். நாங்கள் உட்கார்ந்தது ஆட்ரி. 1932-ல் செய்தது. 1940-ல் ஜெர்மன் குண்டு விழுந்து இதே விக்டோரியா ஸ்டேஷனில் சேதப்பட்டதாம். மரச் சுவரில் வேறு நிற மரத்தை இழைத்துச் சித்திரம். மேசைக்கு மேசை ஒரு சின்ன விளக்கு.

புல்மேன் என்பது ஒரு அமெரிக்க முதலாளியின் பெயர். ஜார்ஜ் புல்மேன். அங்கே அடிமை முறை ஒழிந்த பிறகு, விடுதலையான கறுப்பின ஆண்களைத்தான் அவர் தன் படுக்கை ரயில்களில் வேலைக்கு வைத்தார். பயணிகள் அவர்களைச் சொந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. எல்லாரும் 'ஜார்ஜ்' தான். அடிமையை எஜமான் பெயரில் கூப்பிட்ட வழக்கம் ரயிலிலும் தொடர்ந்தது. அவர்கள் 1925-ல் சங்கம் கட்டினார்கள். ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 12 வருஷம் போராடி 1937-ல்தான் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள். பெட்டிக்கு வைத்த பெயரைத் தங்க எழுத்தில் பார்த்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. எங்கம்மாவையும் பிளாட்பாரத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

நடைவழிக்கு அந்தப் பக்க மேசையில் ஒரு கணவன் மனைவி. நம்ம ஆட்கள். அந்தம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏம்மா, தமிழா?" என்றார்.

"ஆமாங்க."

"எந்த ஊரு?"

வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு ஜங்ஷன் பெயரைச் சொன்னேன்.

"அங்க ஊருக்குள்ளயா? எந்தத் தெரு?"

"ஸ்டேஷன் பக்கங்க."

"அப்பா என்ன பண்ணாரு?"

"ரயில்வேல இருந்தாரு."

"ஓ, ரயில்வே! ஸ்டேஷன் மாஸ்டரா?"

நான் சிரித்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்பா கேங்மேன். தண்டவாளத்துக்கு ஜல்லி போட்டவர். சாதியை மறைக்கப் பெரிய பொய் எதுவும் தேவையில்லை, பாதி உண்மை போதும். அந்தம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். "பொங்கலுக்கு நம்ம வீட்டுக்கு வாங்க, இறங்குறப்ப நம்பர் வாங்கிக்கிறேன்" என்றார்.

ரயில் கெண்ட்டுக்குள் போனதும் சிஸ்டர் ஜன்னலைக் காட்டி தன் பாட்டி கதையை ஆரம்பித்தார். இப்போது திராட்சை இருக்கிற இந்த மாவட்டத்தில் அந்தக் காலத்தில் ஹாப்ஸ் கொடிதான் எங்கு பார்த்தாலும். பீருக்குக் கசப்பு கொடுக்கிற பூ அது. செப்டம்பர் வந்தால் அதைப் பறிக்க கிழக்கு லண்டன் ஏழைக் குடும்பங்கள் குஞ்சு குளுவானோடு கிளம்பிவிடும். அவர்களுக்கென்று தனி ரயில். விடியும் முன்னே லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனிலிருந்து புறப்படும். வேறெதற்கும் லாயக்கில்லாத பழைய பெட்டிகள். தோட்டத்தில் தகரக் கொட்டகை, வைக்கோல் படுக்கை. பறித்த பூவை மரக்கால் மாதிரி அளந்து கூலி. 1960களில் மெஷின் வந்து அந்த வேலையே போய்விட்டது.

"உள்ளூர்க்காரங்களுக்கு எங்களைக் கண்டாலே ஆகாது" என்றார் சிஸ்டர். "கடைக்காரன் சாமான் மேல கம்பி வலை கட்டிடுவான், நாங்க திருடிடுவோம்னு. சாராயக்கடையில எங்க பாட்டிக்குப் பீர் வேணும்னா கிளாசுக்குத் தனியா முன்பணம் கட்டணும். கிளாஸைத் திருப்பிக் கொடுத்தாத்தான் காசு திரும்பி வரும்."

அந்தப் பெட்டியில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்லிவிட்டு அவரே கைகொட்டிச் சிரித்தார். ஊற்றிக்கொண்டிருந்த பணியாளரும் சிரித்தார். "இப்ப பாரு, அவ பேத்தி புல்மேன்ல வர்றா!"

எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. என் தாத்தா ஊரில் டீக்கடைக்குப் பின்பக்கம் வேலியில் வரிசையாகக் கொட்டாங்குச்சி சொருகியிருக்கும். நம்ம ஆள் போனால் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு தள்ளி நின்று குந்த வேண்டும். மேலேயிருந்து ஊற்றுவான். குடித்துவிட்டுக் கழுவி அதே இடத்தில் சொருக வேண்டும். அப்பா காலத்தில் கொட்டாங்குச்சி போய் அலுமினியத் தம்ளர் வந்தது. கழுவிக் கவிழ்ப்பது மட்டும் மாறவில்லை. ஆறு வயசில் என்னையும் கூட்டிப் போய், "குடிச்சதும் கழுவிடணும் பாப்பா" என்று கற்றுக் கொடுத்தது அப்பாதான். கற்றுக் கொடுக்காவிட்டால் அடி விழும் என்கிற பயத்தில் கற்றுக் கொடுத்தார்.

பாட்டி கதையை சிஸ்டர் சொன்ன மாதிரி என் தாத்தா கதையை என்னால் சொல்ல முடியவில்லை. பக்கத்து மேசையில் தமிழ் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஸ்டேஷனில் இறங்கி பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனோம். அறுவடை நேரம். அந்த வருஷம் இங்கிலாந்தில் அதுவரை காணாத விளைச்சல். இங்கே மண்ணுக்கடியில் இருப்பதும் பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் இருப்பதும் ஒரே மாதிரி வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை என்று சுற்றிக் காட்டியவர் விளக்கினார். ஷார்டனே, பினோ நுவார், பினோ மூனியே என்று மூன்று திராட்சை. பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்க விடுகிறார்கள். அதில்தான் நுரை பிறக்கிறது. கொத்து நசுங்கக் கூடாதென்று கையால்தான் வெட்டுகிறார்கள். வரிசைக்குள் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ருமேனியாவிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் வந்தவர்களாம். வந்தவர்கள் கொடியைப் படம் எடுத்தார்கள். வெட்டுகிற ஆள் படத்தில் விழாதபடி ஒதுங்கி நின்று எடுத்தார்கள்.

பிறகு ஒயின். கிளாஸைச் சுழற்று, மோந்து பார், வாயில் வைத்துக் கொப்பளி, வேண்டாமென்றால் துப்பிவிடு. துப்புவதற்கு மேசை மேல் ஒரு பாத்திரம் இருந்தது. பெரிய மனிதர்கள் மரியாதையாகக் குனிந்து அதில் துப்பினார்கள். பேஷ்வா ஆட்சியில் புனேயில் தீண்டப்படாதவர்கள் கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936-ல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதியிருக்கிறார். நம் எச்சில் தெருவில் விழுந்தால் அதைத் தெரியாமல் மிதிக்கிற இந்து தீட்டாகிவிடுவானாம். அதை நினைத்துக்கொண்டே கிளாஸில் இருந்ததை நான் விழுங்கினேன். துப்ப மனசு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து அந்தப் பாத்திரத்தை எடுத்துப் போய்க் காலி செய்தாள்.

திரும்பும்போது ரயிலில் கழிவறைக்குப் போனேன். தரையில் சின்னச் சின்னக் கல் பதித்து மொசைக் சித்திரம். மிதிக்கவே தயக்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே நின்றேன்.

எங்கம்மா ஒரு காண்ட்ராக்டரிடம் கூலிக்கு இருந்து ஜங்ஷன் தண்டவாளத்தில் பீ அள்ளியவள். ராத்திரி வண்டிகள் நின்று போனதும் தொடப்பம், தகரம், ப்ளீச்சிங் பவுடரோடு குழிக்குள் இறங்குவாள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் சட்டம் வந்தது. அம்மா 2006 வரைக்கும் அள்ளினாள். 2013-ல் இரண்டாவது சட்டம் வந்தபோது அவள் முட்டி தேய்ந்து வீட்டோடு இருந்தாள். அந்தக் கூலியில்தான் நான் நர்ஸிங் படித்தேன்.

மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். சாயங்காலம். ஊரில் ராத்திரி ஆகியிருந்தது. அம்மா தூங்கப் போகுமுன் போன் பண்ணுவாள், பண்ணினாள். காது மந்தம். உரக்கப் பேசினால்தான் கேட்கும்.

"எங்கம்மா இருக்கே?"

"ரயில்ல இருக்கேன்மா."

அவள் கேட்கிற அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான். "கக்கூசு சுத்தமா இருக்கா?"

"இருக்கும்மா. தரையில படமெல்லாம் போட்டிருக்காங்க."

"ஆங்? யாரு கழுவுறா?"

எதிர்ப்பக்க மேசை என் கண்ணில் பட்டது. "அப்புறம் பேசுறேன்மா" என்று வைத்திருக்கலாம். எத்தனையோ தடவை, எத்தனையோ இடத்தில் அப்படி வைத்தவள்தான் நான். அன்றைக்கு முடியவில்லை.

"யாரோ ஒருத்தர் கழுவுறாங்கம்மா. ஆனா தண்டவாளத்துல நீ அள்ளின மாதிரி அள்ள வேண்டியதில்லை" என்று உரக்கச் சொன்னேன்.

"நல்லதுதான். கையில கிளவுஸ் குடுக்குறாங்களான்னு கேளு" என்றாள் அம்மா.

போனை வைத்தேன். அந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். இருட்ட ஆரம்பித்திருந்தது, வெளியே பார்க்க ஒன்றுமில்லை. விக்டோரியா வரைக்கும் அந்த மேசையிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. இறங்கும்போது நம்பரும் கேட்கவில்லை.

சிஸ்டர் என்ன பேசினாய் என்று கேட்டார். சொன்னேன். அம்மாவைச் சொன்னேன், கொட்டாங்குச்சியைச் சொன்னேன், கிளாஸைக் கழுவ ஏன் எழுந்தேன் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க பாட்டி கதையைச் சொன்னப்பவே சொல்லியிருக்கலாமே. ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார்.

நல்ல மனசு அவருக்கு. ஆனாலும் ஒன்றில்லை என்று சொன்னேன். "உங்க பாட்டிகிட்ட கிளாசுக்குக் காசு வாங்கினான்னா, அந்தக் கிளாஸ் அவனுக்குத் திரும்ப வேணும். பாட்டி குடிச்ச அதே கிளாஸ்ல அடுத்து அவனே குடிப்பான். எங்க தாத்தா வாய் வச்ச கொட்டாங்குச்சிக்கு எவனும் முன்பணம் கேட்கலை, சிஸ்டர். உங்க பாட்டி லண்டனுக்குத் திரும்பினதும் அவங்களை யாருக்கும் அடையாளம் தெரியாது. நான் ஐயாயிரம் மைல் தாண்டி வந்தும் எந்தத் தெருன்னு கேக்குறாங்க."

இந்த நாட்டில் சமத்துவச் சட்டத்துக்குள் சாதியையும் சேர்க்க வேண்டுமென்று 2013-ல் பாராளுமன்றமே சொன்னது. 2018-ல் அரசாங்கம் சேர்க்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டது. அதையும் சொன்னேன். அவருக்கு அது புதுச் செய்தி. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

மேசையில் என் கிளாஸ் காலியாக இருந்தது. கை தானாக அதன் பக்கம் போயிற்று. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பணியாளர் வந்து எடுத்துப் போனார். மற்றவர்களுடைய கிளாஸ்களோடு ஒரே தட்டில் வைத்துத்தான் எடுத்துப் போனார்.