இரவல் வந்தவர்

லீவ் ரிசர்வ் என்றால் என்னவென்று ரயில்வேக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் மகள் கல்யாணத்துக்கோ கண் ஆபரேஷனுக்கோ லீவு போட்டால், அவர் நாற்காலியில் போய் உட்காருகிற ஆள். ஒன்பது வருஷம் எனக்கு அந்த வேலை. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பம்ப் ஸ்டவ், ஒரு படுக்கைச் சுருள். ஆடுதுறையில் பத்து நாள், பாபநாசத்தில் மூன்று வாரம், அப்புறம் வேறு ஊர். ஊர்க்காரர்களுக்கு நம் பெயர் தெரியாது, "புது மாஸ்டர்" என்பார்கள். பெயர் தெரிவதற்குள் பெட்டி கட்டியாகிவிடும். ஆனால் ஒன்று. டோக்கன் பந்தைக் கருவியிலிருந்து எடுத்து டிரைவர் கையில் கொடுக்கும்போது, கொடுக்கிறவர் நிரந்தரமா தற்காலிகமா என்று வண்டி பார்ப்பதில்லை. பொறுப்பு முழுப் பொறுப்புதான்.

இந்தப் பழைய கதை எனக்கு ஞாபகம் வந்தது, ரயிலே சம்பந்தப்படாத ஓர் இடத்தில். 2022 மார்ச்சில் மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ போயிருந்தோம். நகரின் கிழக்குப் பக்கம் டெனிஸ்டவுன் என்ற பகுதியில் மாடி வீடு. மழை, குளிர், குழந்தை இன்னும் பிறக்கவில்லை, எனக்கோ வேலை ஒன்றும் இல்லை. கீழ் வீட்டில் ஒரு பெரியவர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். என் வயதுதான். அவருடைய தாத்தா அயர்லாந்தின் டொனிகாலிலிருந்து பிழைக்க வந்தவராம். அந்த மனிதருக்கு உலகத்தில் இரண்டே விஷயம்: தேநீர், செல்டிக் கால்பந்து அணி. நான் ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும் முதலாவதைக் கொடுத்து இரண்டாவதைக் கற்றுத்தர ஆரம்பித்துவிட்டார்.

கிளாஸ்கோவில் இரண்டு பெரிய அணிகள். ரேஞ்சர்ஸ் 1872ல் தொடங்கியது. செல்டிக் 1887ல். வால்ஃப்ரிட் என்ற பெயர் கொண்ட ஒரு மதச் சகோதரர், கிழக்குப் பகுதியின் ஏழை ஐரிஷ் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் வேண்டுமே என்று ஆரம்பித்த அணி. பிற்பாடு கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்ற பிரிவினை இரண்டு அணிகளின் மேலும் படிந்துவிட்டது. மற்ற ஊர் அணிகள் பெரும்பாலும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். 1985ல் அபர்தீன் கோப்பையை வென்றதற்குப் பிறகு, நான் அங்கே இருந்த வருஷம் வரைக்கும், இந்த இருவரைத் தவிர வேறு யாரும் லீக் பட்டம் வாங்கியதில்லை.

செல்டிக் தொடர்ந்து ஒன்பது வருஷம் ஜெயித்திருந்தது. பத்தாவதை 2021ல் ரேஞ்சர்ஸ் பறித்தது. சும்மா பறிக்கவில்லை. 38 ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்காமல் 102 புள்ளி. செல்டிக் 25 புள்ளி பின்னால். கீழ் வீட்டுப் பெரியவர் அந்த வருஷத்தைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், நம் வீடுகளில் துக்கச் செய்தி சொல்வதுபோல.

அடுத்த வருஷத்துக்குப் புது மேனேஜர் வந்தார். ஆஞ்ச் போஸ்டகோக்லு. ஏதென்ஸில் பிறந்து, ஐந்து வயதில் ஆஸ்திரேலியா போய் வளர்ந்து, ஜப்பானில் யோகோஹாமா அணியை நடத்திவிட்டு வந்தவர். ஆரம்பமே சறுக்கல். முதல் ஆறு லீக் ஆட்டத்தில் மூன்று தோல்வி. இந்த நேரத்தில்தான், ஆகஸ்ட் 31ந் தேதி, ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு முடிகிற கடைசி நாளில், லண்டன் டாட்டனம் அணியிலிருந்து ஒரு தடுப்பாட்டக்காரரை ஒரு வருஷத்துக்கு இரவல் வாங்கினார்கள். பெயர் கேமரன் கார்ட்டர்-விக்கர்ஸ். நாடு அமெரிக்கா.

அமெரிக்கர்கள் ஸ்காட்லாந்துக்குப் புதிதல்ல. கிளாடியோ ரெய்னா, டமார்கஸ் பீஸ்லி, கார்லோஸ் போகனெக்ரா என்று பலர் எதிரணி ரேஞ்சர்ஸில் ஆடியிருக்கிறார்கள். ஆனால் இந்த மனிதர் எந்த வகை அமெரிக்கர் என்பதே ஒரு தனிக் கதை. தந்தை ஹோவர்ட் கார்ட்டர், லூசியானாவைச் சேர்ந்த கூடைப்பந்து வீரர். 1983ல் டென்வர் நகெட்ஸ் அணி தேர்ந்தெடுத்த ஆள். பிறகு கடல் தாண்டி பிரான்சில் பல வருஷம் ஆடியவர். தாய் இங்கிலாந்துக்காரர். பையன் பிறந்தது லண்டனுக்குக் கிழக்கே சவுத்தெண்ட் என்ற கடற்கரை ஊரில், 1997 டிசம்பர் 31. (அந்த ஊரில் கடலுக்குள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு பாலம் உண்டு, அதன்மேல் குட்டி ரயில் ஓடுகிறது. இதைக் கேட்டபோது கால்பந்தைவிட அந்த ரயில்மேல்தான் எனக்கு ஆசை வந்தது.) பேச்சு இங்கிலாந்துப் பேச்சு, பாஸ்போர்ட் தந்தை வழியில் அமெரிக்கா. 2017ல் போர்ச்சுகலுக்கு எதிராக அமெரிக்க அணிக்கு முதல் ஆட்டமும் ஆடிவிட்டார்.

சிறு வயதிலேயே டாட்டனத்தில் சேர்ந்தவர். ஆனால் அந்த அணிக்காக லீக் ஆட்டத்தில் ஒரு முறைகூட இறங்கியதில்லை. வேறு வேறு ஊருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஷெஃபீல்ட், இப்ஸ்விச், சுவான்சி, ஸ்டோக், லூட்டன், போர்ன்மத். நாலு வருஷத்தில் ஆறு ஊர். ஏழாவது கிளாஸ்கோ. பெரியவர் விரல் விட்டு எண்ணிச் சொல்லும்போது நான் என்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் ஆள்!

செப்டம்பர் 11ந் தேதி ராஸ் கவுண்டி அணிக்கு எதிராக இறங்கினார். 3-0 வெற்றி, முதல் கோல் அவருடையதே. அடுத்த வாரம் லிவிங்ஸ்டனிடம் தோல்வி, அதிலும் அவர் இருந்தார். அந்தத் தோல்விதான் கடைசி. அதற்கப்புறம் அந்தப் பருவம் முடியும்வரை 32 லீக் ஆட்டத்தில் செல்டிக் தோற்கவில்லை.

எனக்குக் கால்பந்து நுணுக்கம் தெரியாது. ஆனாலும் டிவியில் ஒருவரையே பார்த்துக்கொண்டிருந்தால் சில விஷயங்கள் பிடிபடும். போஸ்டகோக்லுவின் முறையில் எல்லோரும் முன்னால் ஓடிவிடுவார்கள், பக்கவாட்டுத் தடுப்பாளர்கள்கூட. பின்னால் மிஞ்சுவது இரண்டு பேர், இவரும் ஸ்வீடன்காரர் ஸ்டார்ஃபெல்டும், அவர்களுக்குப் பின்னால் கோல்கீப்பர் ஜோ ஹார்ட். முன்னால் ஜப்பான்காரர்கள் செய்யும் மாயாஜாலத்தை அறுபதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவர் வெறும் புல்தரையில் தனியாக நின்று, பந்து திரும்பி வந்தால் எந்த வழியாக வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். வந்தால் தோளைக் கொடுத்து மறிப்பார். குள்ளமுமில்லை நெட்டையுமில்லை, அகன்ற உடம்பு. தரையில் விழுந்து சறுக்குவது குறைவு. மறித்த பந்தைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிட்டுப் பழைய இடத்துக்கே போய் நின்றுகொள்வார். அவர் சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்கிற வேலைக்குக் கைதட்டல் குறைவு. அந்த லீக்கில் செல்டிக் போட்டது 92 கோல், வாங்கியது 22. முதல் எண்ணைத்தான் எல்லோரும் சொல்வார்கள்.

குளிர்கால இடைவேளையில் ரேஞ்சர்ஸ் ஆறு புள்ளி முன்னால். பிப்ரவரி 2ந் தேதி செல்டிக் பார்க்கில் ரேஞ்சர்ஸை 3-0 என்று அடித்து, செல்டிக் முதலிடத்துக்கு வந்தது. நாங்கள் போய் இறங்கியபோது இரண்டு அணிக்கும் நடுவே மூன்று புள்ளிதான். ஒரு ஆட்டம் ஜெயித்தால் மூன்று புள்ளி. ஸ்காட்லாந்தில் இன்னொரு விசித்திரம். 12 அணி, 33 ஆட்டம் முடிந்ததும் லீக்கை மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாக வெட்டி, அதற்குள் மேலும் ஐந்து ஆட்டம் ஆட வைப்பார்கள். ஆக வருஷத்துக்கு நாலு தடவை இந்த இரண்டு பேரும் லீக்கில் மோத வேண்டிவரும்.

ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. ரேஞ்சர்ஸின் சொந்த மைதானம் ஐப்ராக்ஸ். ஐம்பதாயிரம் பேர் இருக்கிற இடத்தில் செல்டிக் ரசிகர்கள் சில நூறு பேர். பெரியவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். எங்கள் மாப்பிள்ளையும் வந்தார். மூன்றாவது நிமிடம் ஆரன் ராம்சி கோல் போட்டுவிட்டார். டிவியில் வந்த சத்தத்தில் பெரியவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். நாலு நிமிடம் கழித்து டாம் ரோஜிச் சமன் செய்தார். இடைவேளைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, கோல் முன்னால் வந்த பந்தை ரேஞ்சர்ஸ்காரர்கள் சரியாக வெளியேற்றவில்லை. கூட்டத்துக்குள் அது உருண்டு நின்ற இடத்தில் நின்றவர் கார்ட்டர்-விக்கர்ஸ். யோசிக்கவில்லை. தரையோடு ஒரே உதை. 2-1.

எல்லோரும் அவரை மொய்த்துக்கொண்டார்கள். பெரியவர் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதி தாமதமாகத்தான் தொடங்கியது. ஜோ ஹார்ட் நிற்க வேண்டிய கோல் முகப்பில் உடைந்த கண்ணாடித் துண்டுகள். ஆட்கள் குனிந்து பொறுக்கினார்கள். செல்டிக் ஊழியர் ஒருவர் பாட்டில் வீச்சில் காயம்பட்டார். இத்தனை வெறி எதற்கென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, புரிந்துகொள்ள ஆசையுமில்லை. பெரியவரிடம் கேட்டேன், தலையை ஆட்டினார், அவ்வளவுதான். அடுத்த 45 நிமிடமும் பந்து செல்டிக் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. முட்டி, தள்ளி, உதைத்து, அந்த ஒரு கோலை அப்படியே காப்பாற்றினார்கள். ஆறு ஆட்டம் பாக்கி இருக்க ஆறு புள்ளி முன்னிலை.

அன்று இரவு சாப்பிடும்போது மாப்பிள்ளை இந்தக் கதையை மகளிடம் சொன்னார். "ஏழு ஊராம், இரவலாவே. இந்த ஊர்க்காரங்க வாங்கிப்பாங்களான்னுகூட இன்னும் தெரியாது. அந்த ஆள் போய் கோல் போடறார்."

மகள் சிரிக்கவில்லை. அவளுக்கு ஆராய்ச்சி வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம், செப்டம்பரில் முடிகிறது. அதற்கு முன்னால் ஜெர்மனியில் ஒன்று, இங்கிலாந்தில் ஒன்று.

"அப்பா, நீங்க அந்த ஒன்பது வருஷமும் எப்படி இருந்தீங்க? அம்மாவை விட்டுட்டு, பெட்டியைத் தூக்கிக்கிட்டு."

"சம்பளம் ஒழுங்கா வந்துதும்மா."

"அது பதில் இல்லை."

அவள் அம்மா என்னைப் பார்த்தாள். "உங்கப்பா லீவ் ரிசர்வா இருந்த ஸ்டேஷன்ல எல்லாம் ஒரு செடி வெச்சிட்டு வருவார். கேட்டா, அடுத்தவன் தண்ணி ஊத்துவான்னு சொல்வார்" என்றாள். நான் மறந்தே போயிருந்த விஷயம். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். அடுத்த புதன்கிழமை பேத்தி பிறந்தாள்.

மே 1ந் தேதி மறுபடி மோதல், 1-1. மே 11ந் தேதி புதன் இரவு டண்டீ நகரத்தில், டனடைஸ் மைதானத்தில் ஆட்டம். செல்டிக்குக்கு ஒரு புள்ளி போதும். ஜியாகூமாகிஸ் தலையால் முட்டி ஒரு கோல், டண்டீ யுனைடெட் தூரத்திலிருந்து ஒரு கோல். 1-1, பட்டம் உறுதி. கடைசிக் கணக்கு 93க்கு 89. மே 14ந் தேதி மதர்வெல் அணியை 6-0 என்று ஜெயித்துவிட்டுக் கோப்பையைத் தூக்கினார்கள். நான் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு டியூக் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். தெரு முழுக்கப் பச்சை. முன்பின் தெரியாத ஓர் இளைஞன் குனிந்து குழந்தையின் போர்வைமேல் ஒரு பச்சை வெள்ளைக் கழுத்துத் துண்டைப் போர்த்திவிட்டுப் போனான். மனைவி அதை இரண்டு தரம் துவைத்த பிறகுதான் வீட்டுக்குள் அனுமதித்தாள்.

ஜூன் மாதம் செய்தி வந்தது. செல்டிக் அவரை விலை கொடுத்து வாங்கிவிட்டது, நாலு வருஷ ஒப்பந்தம். ஆறு மில்லியன் பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. பென்ஃபிகாவிலிருந்து அதேபோல் இரவல் வந்திருந்த ஜோட்டாவையும் அடுத்து வாங்கினார்கள். பெரியவர் பத்திரிகையை எடுத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்தார். அவருக்கு முழங்கால் வலி, சாதாரணமாக ஏறமாட்டார். அந்தச் செய்தியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனார்.

அந்த நவம்பரில் கத்தார் உலகக் கோப்பையில், ஈரானுக்கு எதிரான ஆட்டத்தில் அமெரிக்கா அவரை முதல் பதினொன்றில் இறக்கியது. ஜெயித்தே ஆக வேண்டிய ஆட்டம், 1-0. அப்போது நான் ஊர் திரும்பிவிட்டேன். நள்ளிரவு தாண்டி ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். வழக்கம்போல் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

மகளுக்குக் கிளாஸ்கோவில் நீட்டிப்புக் கிடைக்கவில்லை. டண்டீயில் வேறு இடம் கிடைத்தது, மறுபடியும் இரண்டு வருஷம். வீடு மாற்றும்போது வீடியோவில் காட்டினாள். பெட்டிகள், தொட்டில், அந்தப் பச்சை வெள்ளைத் துண்டு. ஜன்னலோரம் ஒரு தொட்டியில் ஏதோ செடி இருந்தது. அதை எடுத்துப் போகவில்லையா என்று கேட்டேன்.

"கீழ் வீட்டு மாமாகிட்ட கொடுத்திட்டேன்பா" என்றாள்.