லீவு முடிவதற்குள்

நல்ல வழக்கைவிட மோசமான ராஜியே மேல் என்று பிரெஞ்சில் ஒரு பழமொழி உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். வருவாய்த் துறையில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பாகப்பிரிவினை வழக்குகள் பேரன் காலம்வரை இழுபட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பட்டாளத்துக்காரருக்கு அந்தப் பழமொழி பொருந்தாது.

பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் நம்மூர் சொல்தாக்களைச் சொல்லவில்லை. காஷ்மீரிலும் அருணாசலத்திலும் காவல் நிற்கும் இந்திய ராணுவப் பிள்ளைகளைச் சொல்கிறேன்.

நீதிமன்றத்தில் இவர்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 1925ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு சட்டம் போட்டார்கள். போர்முனை போன்ற சிறப்புச் சூழ்நிலையில் பணியாற்றும் சிப்பாய் வர முடியாமல், அவர் சார்பில் ஆஜராக முறைப்படி யாரும் இல்லாமல் போனால், பொதுவாக வழக்கை நிறுத்தி வைக்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்துப் பேச்சில் அப்படி யார் நிறுத்துவார்கள்?

பாகூர் பக்கத்து உறவுக்காரப் பையன் ஒருவன் ராணுவத்தில் இருக்கிறான். பூர்வீக நிலத்தை அண்ணன் அனுபவிக்கிறார். வீடு கட்ட இவன் அனுப்பிய பணத்துக்குக் கணக்கில்லை. மனைவிக்கும் மாமியாருக்கும் இதனாலேயே பேச்சில்லை. சமரச மையத்துக்குப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். அண்ணன் ஒரு தொகை சொன்னார், மிகக் குறைவு.

"நாலு நாள்ல ரயில் மாமா. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன்" என்றான் என்னிடம்.

அது சமரசம் பேசிய அம்மாவின் காதில் விழுந்தது. "தம்பி, ரயில் இல்லேன்னா இந்தத் தொகைக்கு ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணனும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று கையெழுத்து ஆகவில்லை. அடுத்த அமர்வில் இவன் செல்போன் திரையில் வந்தான். மனைவி நேரில் உட்கார்ந்து, பணம் அனுப்பிய பேங்க் ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நிலம் சரிபாதி, வீட்டுப் பணத்துக்குத் தவணை என்று முடிந்தது. மாமியாரோடு பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அதற்குக் காலம் வேண்டும்.

ஆகவே பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பியிருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். லீவின் முதல் வாரத்திலேயே பேச்சைத் தொடங்குங்கள். கடைசி வாரத்தில் எதிலும் கையெழுத்துப் போட விடாதீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. ஆகையால் மருமகளே நேரில் போய்க் கேட்கலாம். சம்பளம், பென்ஷன் போன்ற பணி வழக்குகளுக்குச் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. நிலத் தகராறை அங்கே கொண்டுபோக முடியாது.

பேசித் தீர்ப்பது நல்லதுதான். ஆனால் தூரத்தில் இருப்பவன் என்பதற்காக அவன் பங்கு குறையக் கூடாது.