கண்ணுக்கு நேரா ஒரு தட்டு

திருச்செங்கோட்டுக்காரங்ககிட்ட இரும்புனு சொன்னா முதல்ல ஞாபகத்துக்கு வர்றது ரிக்கு வண்டிதான். அடுத்தது லாரி பாடி. வெல்டிங் பொறி பறக்குற பட்டறையைப் பாக்காம எங்க ஊரைத் தாண்டிப் போகவே முடியாது. இன்னிக்கு நான் எழுதப்போறது வேற ஒரு இரும்பைப் பத்தி. நீங்க வாரம் ஒரு தடவையாவது அதுக்கு முன்னாடி நிக்கிறீங்க. கை நீட்டி அதுல இருந்து சாமான் எடுக்குறீங்க. சூப்பர் மார்க்கெட்டுல வரிசையா நிக்கிற ரேக்குதான் அது.

விவசாயிக்கும் ரேக்குக்கும் என்னங்க சம்பந்தம்னு கேப்பீங்க. நாங்க ஏழு பேர் சேர்ந்து மரச்செக்குல கடலெண்ணெய் ஆட்டி, பாட்டில்ல அடைச்சு, லேபிள் ஒட்டி விக்கிறது இங்க தொடர்ந்து படிக்கிறவங்களுக்குத் தெரியும். சென்னையில, பெங்களூர்ல இருந்து கூப்பிடுறவங்க எல்லாம் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "ஏண்ணா, உங்க எண்ணெய் எங்க பக்கத்துக் கடையில கிடைக்கறதில்ல?" இதுக்குப் பதில் காட்டுலயும் இல்ல, செக்குலயும் இல்ல. அந்த ரேக்குலதான் இருக்கு.

முதல்ல அந்த ரேக்கு எப்படி வேலை செய்யுதுனு சொல்லிடுறேன். எங்க ஊர்ப் பட்டறையில ஒரு ஸ்டாண்டு செய்யச் சொன்னா, ஆங்கிளை வெட்டி, தட்டை வச்சு, வெல்டு அடிச்சுக் குடுத்துடுவாங்க. இருபது வருசம் ஆனாலும் அசையாது. கடையில இருக்குற ரேக்கு அப்படி இல்லை. ரெண்டு பக்கமும் நிக்கிற கம்பத்துல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே இடைவெளியில நீள நீளமா ஓட்டை இருக்கும். தட்டைத் தாங்குற கைக்குக் கொக்கி மாதிரி ரெண்டு மூணு பல்லு. அதை ஓட்டையில விட்டு ஒரு தட்டு தட்டினா உக்காந்துக்கும். தூக்கி எடுத்தா வந்துடும். ஸ்பேனர் வேண்டாம், வெல்டிங் வேண்டாம். காலையில பிஸ்கட் இருந்த இடத்துல சாயங்காலம் சேமியா வரணும்னா, ஒரு பையன் பத்து நிமிசத்துல தட்டை ஏத்தி இறக்கி முடிச்சுடுவான். ரேக்கு பத்தலைன்னா பக்கத்துல இன்னொரு கம்பம் நட்டு நீட்டிக்கலாம், மூலையில திருப்பிக்கலாம், ஒட்டுமொத்தமாக் கழட்டி வண்டியில ஏத்திக்கிட்டும் போயிடலாம்.

இந்த ஓட்டை போட்ட ஆங்கிளை ஊர் உலகத்துக்கு எல்லாம் பரப்பினவர் டெமெட்ரியஸ் கொமினோ. ஆஸ்திரேலியாவுல பிறந்த கிரேக்க வம்சாவளி எஞ்சினியர், லண்டன்ல அச்சகம் வச்சிருந்தவர். அச்சகத்துக்கு ரேக்கும் மேசையும் ஒவ்வொரு தடவையும் புதுசாச் செய்ய வேண்டியிருக்கேன்னு யோசிச்சு, ஓட்டை போட்ட இரும்புப் பட்டையை போல்ட் நட்டு வச்சு முடுக்குற முறையைக் கொண்டு வந்தார். 1947ல டெக்சியன்ங்கிற பேர்ல அது விற்பனைக்கு வந்துச்சு. நம்ம ஊர் மருந்துக்கடை, ஸ்பேர் பார்ட்ஸ் கடை, ஆபீஸ் ரெக்கார்டு ரூம் எல்லாத்துலயும் நிக்கிற சாம்பல் கலர் ரேக்கு அந்த வம்சம்தான். சூப்பர் மார்க்கெட்டுல இருக்குறது போல்ட்டும் இல்லாம கொக்கியிலயே நிக்கிற தம்பி.

ரேக்குக்கு முன்னாடி என்ன இருந்துச்சுனு உங்களுக்கே தெரியும். மளிகைக்கடை. முன்னாடி ஒரு மேசை, அந்தப் பக்கம் கடைக்கார அண்ணாச்சி, அவருக்குப் பின்னாடி மரப்பலகை, டின்னு, சாக்கு. நாம சீட்டை நீட்டுவோம், அவர் எடுத்துக் கட்டிக் குடுப்பார். "எண்ணெய் நல்லா இருக்குமாண்ணா?"னு கேட்டா, "இது வேண்டாம், அந்தச் செக்கு எண்ணெய் நேத்துதான் வந்துச்சு, அதைக் கொண்டு போங்க"னு சொல்லுவார். அதாவது சாமானுக்கு ஒரு வாய் இருந்துச்சு, அது கடைக்காரர் வாய்.

இந்த மேசையை முதல்ல தூக்கிப் போட்டது அமெரிக்காவுல மெம்பிஸ் நகரத்துல கிளாரன்ஸ் சாண்டர்ஸ்னு ஒருத்தர். 1916ல பிக்லி விக்லினு ஒரு கடை திறந்தார். உள்ள நுழையுற இடத்துல ஒரு சுழல் கதவு, வளைஞ்சு வளைஞ்சு போற பாதை, ரெண்டு பக்கமும் தட்டு. கூடையை எடுத்துக்கிட்டு நீங்களே எடுத்துட்டு வந்து கடைசியில காசு கட்டணும். அடுத்த வருசமே இந்த அமைப்புக்குப் பேடண்ட் வாங்கிட்டார். எடுத்துக் குடுக்குற ஆள் கூலி மிச்சம்ங்கிறது அவருக்கு லாபம். ஆனா அன்னிக்கு இருந்து சாமானுக்காகப் பேச ஆள் இல்லாமப் போச்சு. இருக்குற இடமும் மேல ஒட்டியிருக்குற படமும்தான் இனிமேல் பேசணும்.

நாங்க இதை நேர்ல தெரிஞ்சுக்கிட்டது போன வருசம். பக்கத்து நகரத்துல ஒரு பெரிய கடைக்கு ரெண்டு பெட்டி எண்ணெய் எடுத்துக்கிட்டுப் போனோம். கடை பேரு வேண்டாம். மேனேஜர் நல்ல பையன். எண்ணெயை மோந்து பாத்தார், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நம்பர் பாத்தார், 890ல ஆரம்பிக்கிற பார்கோடு இருக்கான்னு பாத்தார். எல்லாம் சரி. அப்பறம் எங்களை ரேக்குக்கு முன்னாடி கூட்டிட்டுப் போய் நிக்க வச்சார்.

"இதுல எந்தத் தட்டு வேணுங்க?"

அஞ்சு தட்டு. நெஞ்சு உயரத்துல இருந்து கண்ணு உயரம் வரைக்கும் இருக்குற ரெண்டு தட்டுலதான் கை தானாப் போகும்னு சொன்னார். அதுக்கு மேல இருக்குறது எட்டாது. அதுக்குக் கீழ இருக்குறது குனியணும். குழந்தைங்க எடுக்குற மிட்டாய், சிப்ஸ் மட்டும் வேணும்னே கீழ வைப்பாங்க. அவங்களுக்கு அதுதான் கண்ணு உயரம். வரிசை முடியுற முனையில தனியா நிக்கிற ரேக்கு இருக்கு பாருங்க, அதுக்கு மதிப்பு இன்னும் ஜாஸ்தி. நடு ரெண்டு தட்டுக்கும் முனை ரேக்குக்கும் கம்பெனிங்க மாச வாடகை மாதிரி ஒரு தொகை கட்டுறாங்க. கடலைக்காய் வெளையற காட்டுக்குக் குத்தகை குடுத்துப் பழகின எங்களுக்கு, மூணு அடித் தகரத்துக்குக் குத்தகைங்கிறது புதுசு.

கட்ட முடியலைன்னா? "கடைசித் தட்டுல வைக்கலாங்க. மூணு மாசத்துல நகரலைன்னா எடுத்துக்கணும்."

அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். கடைக்கு வாடகை, கரண்ட், ஆள் சம்பளம் எல்லாம் இருக்கு. ஒவ்வொரு அடியும் அவருக்குக் காசு ஈட்டிக் குடுக்கணும். எடை சாமான் கீழ இருக்கணும்ங்கிறதுலயும் ஞாயம் இருக்கு. அஞ்சு லிட்டர் கேனை மேல வச்சா ரேக்கு தலைகனத்துச் சாயும்.

அன்னிக்கு நைட்டு ஒரு நோட்டுல கணக்குப் போட்டுப் பாத்தேன். அங்க இருந்த தட்டு 90 செ.மீ. அகலம், 35 செ.மீ. ஆழம். எங்க ஒரு லிட்டர் பாட்டில் உருண்டை, குறுக்களவு 8 செ.மீ. வரிசைக்கு 11, உள்ளுக்கு 4. மொத்தம் 44 பாட்டில். அதே ஒரு லிட்டரை 7 செ.மீ. சதுர பாட்டில்ல, கிட்டத்தட்ட அதே உயரத்துல அடைச்சுடலாம். அப்போ வரிசைக்கு 12, உள்ளுக்கு 5. மொத்தம் 60 பாட்டில். அதே தட்டு, அதே வாடகை, 16 பாட்டில் கூட. உருண்டை பாட்டிலுக்கு நடுவுல காத்துக்கும் சேர்த்து வாடகை கட்டுறோம். கடையில இத்தனை சாமான் ஏன் சதுரமாவும் பட்டையாவும் இருக்குனு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. ஒரு லிட்டர் கடலெண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். 60 பாட்டில்னா 55 கிலோ. தட்டு தாங்குமான்னும் பாக்கணும்.

ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமாரா ரெண்டரைக் கிலோ பருப்பு போகுது. களை எடுத்து, மழைக்குப் பயந்து, காய் பிடுங்கி, காயவச்சு, உரிச்சு, ஆட்டி வந்த எண்ணெய் அது. அது விக்குமா விக்காதாங்கிறதைத் தரையில இருந்து எத்தனை அடி உயரத்துல நிக்குதுங்கிறது முடிவு பண்ணுது.

எங்க ஊர்ல வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கம் இருக்கு. மஞ்சள், பருத்தி, எள்ளு எல்லாம் அங்க ஏலம் போகும். விலை ஏறும், இறங்கும், வயித்தெரிச்சலோட திரும்பி வந்த நாளும் உண்டு. ஆனா அங்க ஒரு விசயம். ஒரு ஏக்கர்க்காரர் மூட்டையும் இருபது ஏக்கர்க்காரர் மூட்டையும் ஒரே தரையில இருக்கும். வியாபாரி எல்லா மூட்டைக்கும் குனிஞ்சுதான் ஆகணும், கையை விட்டு அள்ளிப் பாத்துதான் விலை எழுதணும். ரேக்குல அப்படி இல்லைங்க. எண்ணெய் என்ன தரம்னு பாக்கறதுக்கு முன்னாடியே உயரம் தீர்மானமாகியிருக்கும்.

எங்க ஏழு பேருக்குள்ள இது பெரிய பேச்சாச்சு. "ஆறு மாசத்துக்குப் பணத்தைக் கட்டிப் பாத்துடலாம், சனங்க கண்ணுல பட்டாத்தானே வாங்குவாங்க"னு மாமா ஒருத்தர் சொன்னார். அவர் சொன்னதுலயும் உண்மை இருக்கு. ஆனா அந்த வாடகையை விலையில ஏத்தினா பாட்டில் யாருக்கும் கட்டுபடியாகாது. ஏத்தலைன்னா எங்க கூலி போயிடும். "நம்மகிட்ட ரேக்கு வாங்குற அளவுக்குத்தான் காசு இருக்கு, தட்டு வாடகைக்கு இல்லை"னு பங்காளி ஒருத்தர் சொன்னதும், அதையே செஞ்சா என்னனு தோணுச்சு.

சேலத்துல ஒரு கடையை மூடிட்டு சாமானை வித்தாங்க. அதுல நாலு ஒத்தை ரேக்கு பழசுக்கு வாங்கினோம். டெம்போவுல கழட்டிப் போட்டுக் கொண்டு வந்து, எங்களுக்குத் தெரிஞ்ச நாலு மளிகைக்கடையில, கல்லாவுக்குப் பக்கத்துல மாட்டிக் குடுத்தோம். ரேக்கு எங்களது, இடம் அவங்களது, வித்தா கமிஷன். எண்ணெய் மட்டும் வச்சா ரேக்கு நிறையாதுனு, பக்கத்து ஊர்ல ஆலை போடுறவங்க நாட்டுச்சர்க்கரையும், ஒரு மகளிர் குழு செய்யுற பருப்புப்பொடி, எள்ளுப்பொடியும் சேர்த்துக்கிட்டோம். எல்லாருக்கும் மாசத்துக்கு ஒரு தடவை தட்டு மாறும். இந்த மாசம் நடுவுல இருக்குறவங்க அடுத்த மாசம் கீழ. கொக்கி ரேக்குல அதுக்கு அஞ்சு நிமிசம் போதும்.

சில விசயம் பழகப் பழகத் தெரிஞ்சுது. எண்ணெய்க்கு வெளிச்சம் ஆகாது. வெயில் நேரா விழுற வாசல் பக்கம் வச்சா சீக்கிரம் சிக்கு வாடை வந்துடும். நாட்டுச்சர்க்கரை ஈரத்தை இழுக்கும்; மழைக்காலத்துல, தினமும் தரை துடைக்கிற கடையில, கடைசித் தட்டுல வச்சா கட்டி தட்டிப் போகும். புதுசா வர்றதைப் பின்னாடி தள்ளி, பழசை முன்னாடி இழுத்து வைக்கணும். இதைக் கடைக்காரர் செய்ய மாட்டார், அவருக்கு நேரம் இல்லை. வாரத்துல ஒரு நாள் எங்கள்ல ஒருத்தர் நாலு கடைக்கும் வண்டியில போய் வர்றோம்.

நாலுல ரெண்டு கடை நல்லாப் போகுது. அண்ணாச்சி பக்கத்துலயே இருக்குறதால, யாராவது பாட்டிலைத் திருப்பிப் பாத்தா, "நம்மூர்க் கடலைக்காய்ங்க, தெரிஞ்சவங்க ஆட்டுறது"னு ஒரு வார்த்தை சொல்றார். மூணாவது கடை சுமார். நாலாவது கடையில போன மாசம் போனப்ப எங்க நடுத் தட்டு ரெண்டும் ஏறி இறங்கிக் கிடந்துச்சு, நடுவுல ஒரு பெரிய கம்பெனி நொறுக்குத்தீனி தோரணமாத் தொங்குச்சு. "சேல்ஸ்மேன் வந்து மாட்டிட்டுப் போயிட்டார், கண்ணு, மாசம் ஏதோ தர்றேன்னு சொல்றார்"னு கடைக்காரம்மா சங்கடப்பட்டாங்க. எங்களுக்கு எது வசதியோ அது அவங்களுக்கும் வசதிதானே. அந்த அம்மாகிட்ட சண்டை போடலை. ஒரு தட்டு அவங்களுக்கு, மிச்சம் எங்களுக்குனு பேசி வச்சிருக்கோம். எத்தனை நாளைக்குனு பாப்போம்.

இதுல லாபம் எவ்வளவுனு கேட்டா, இதுவரைக்கும் ரேக்கு வாங்கின காசு வந்திருக்கு, டெம்போ வாடகை வந்திருக்கு. எங்க எண்ணெய் இந்த வருசம் தேங்கலை. இப்போதைக்கு அது போதும்.

நகரத்துல இருக்குற உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். எங்க எண்ணெயையே வாங்குங்கனு சொல்லலை, அது உங்க கடையில இருக்காது. அடுத்த தடவை எண்ணெயோ சர்க்கரையோ மாவோ வாங்கப் போறப்ப, நடுத் தட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு கடைசித் தட்டைப் பாருங்க. பேர் தெரியாத லேபிள் ஒண்ணு ரெண்டு இருக்கும். எந்த ஊர்ல செஞ்சதுனு பின்னாடி முகவரி போட்டிருப்பாங்க, தயாரிச்ச தேதியையும் பாருங்க. புடிச்சிருந்தா ஒண்ணு எடுத்துக்கிட்டு, பில் போடுறப்ப "இது நல்லா இருக்கு, அடிக்கடி வைங்க"னு கடையில ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. ஒரு தட்டை மேல ஏத்தக் கடைக்காரருக்கு அஞ்சு நிமிசம்தான் ஆகும்.